ஒரு பெட்டி, இரண்டு ஆட்கள்: கையில் காசில்லாமல் ஆக்‌ஷன் த்ரில்லர்

கறுப்பு உடை, கையில் கித்தார் பெட்டி. இந்த இரண்டே அடையாளங்களை வைத்துக்கொண்டு அடியாட்கள் ஊரெல்லாம் ஒருவனைத் துரத்துகிறார்கள். அவர்கள் தேடுவது பெட்டிக்குள் துப்பாக்கிகளை அடுக்கி வைத்திருப்பவனை. மாட்டிக்கொள்வதோ பெட்டிக்குள் நிஜமாகவே கித்தார் வைத்திருக்கும் ஒரு பாடகன். இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸின் 'எல் மரியாச்சி' படம் மொத்தமும் இந்த ஒரு தவறின் மேல்தான் நிற்கிறது. மெக்சிகோவின் எல்லையோர ஊரான சியுடாட் அகுன்யாவில் சுமார் 7,000 டாலரில் எடுத்த படம். 1993இல் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கியது. 2011இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பிடித்தது.

எல்லோரும் அந்த 7,000 டாலரைத்தான் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கும் கெட்டிக்காரத்தனத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கொள்ளைக் கதைக்குப் பெட்டகம் வேண்டும், காவல் வேண்டும், கட்டடம் வேண்டும். பழிவாங்கும் கதைக்குப் பத்து பேரை நம்பும்படி அடிக்கத் தெரிந்த நாயகன் வேண்டும். ஆள் மாறிப்போன கதைக்கு ஒரு பெட்டி போதும். அந்தப் பெட்டியோடு ஒருவன் தெருவில் நடந்தாலே காட்சி பதறும். எதிரே வருகிறவன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால்கூட நமக்கு வயிற்றைப் பிசையும். காசு கொடுத்து வாங்க வேண்டிய பதற்றத்தை இந்தக் கதை இலவசமாகத் தந்துவிடுகிறது.

தமிழில் இதைப் பொதுவாக ஆள்மாறாட்டம் என்று சொல்லிவிடுகிறோம். கறாராகப் பார்த்தால் ஆள்மாறாட்டம் என்பது ஒருவன் வேண்டுமென்றே இன்னொருவனாக நடிப்பது. பரீட்சை ஹாலில் பிடிபடுகிறவன் செய்கிற வேலை. இங்கே நாயகன் யாராகவும் நடிக்கவில்லை. மற்றவர்கள் அவனை வேறொருவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆள்மாறாட்டத்தில் பொய் நாயகனுடையது, அதைக் காப்பாற்றுவதும் அவன் பாடு. இதில் தப்பு எதிராளியுடையது, அதைக் கடைசி வரை உயிரோடு வைத்திருப்பது திரைக்கதை எழுதுகிறவரின் பாடு. பெரும்பாலான சின்னப் படங்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன.

"நீங்க தேடுற ஆள் நான் இல்லீங்க"

இந்த ஒரு வரியைச் சொன்னால் படம் முடிந்துவிடும் என்றால், படம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. நாயகன் ஏன் அதைச் சொல்வதில்லை, சொன்னாலும் ஏன் எடுபடவில்லை, போலீசுக்கு ஏன் போகவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் முதல் 25 பக்கத்துக்குள் பதில் இருக்க வேண்டும். இருப்பதிலேயே வலுவான பதில், நிஜமான குற்றவாளியும் அதையேதான் சொல்வான் என்பது. அடுத்தது, உண்மை தெரிந்த ஒரே ஆள் காட்சியில் இல்லாமல் இருப்பது. 'எல் மரியாச்சி'யில் கொலைகாரன் அஸூலின் முகம் தாதா மோக்கோவுக்கு மட்டும் தெரியும். தெருவில் இறங்கி வேட்டையாடுகிற ஆட்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் தன் இடத்தில் உட்கார்ந்து போனில் பேசுகிறான், தெரியாதவர்கள் சுடுகிறார்கள். இந்த இடைவெளிதான் கதையின் எஞ்சின். மூன்றாவது வழியும் உண்டு: நாயகன் தற்காப்புக்காக ஒருவனைக் கொன்றுவிடுகிறான், அதன்பின் 'நான் அவன் இல்லை' என்பது உண்மையாகவே இருந்தாலும் அவனைக் காப்பாற்றாது. போனில் சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை என்பதெல்லாம் பதில் ஆகாது. பார்வையாளர்கள் அதை ஒருமுறை மன்னிப்பார்கள், இரண்டாவது முறை சிரிப்பார்கள்.

எதிராளிக்குக் கிடைக்கும் அடையாளம் இரண்டு அல்லது மூன்றுதான் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று என்றால் தற்செயல் மலிவாகத் தெரியும். ஐந்து என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கறுப்பு உடையும் பெட்டியும் போல, ஒன்று உடம்போடு ஒட்டியது, ஒன்று கழற்றி வைக்கக்கூடியது என்று இருந்தால் நல்லது. கழற்ற முடிவதை நாயகன் ஏன் கழற்றிப் போடவில்லை என்ற கேள்வி வரும். அந்தப் பெட்டி அவனுடைய பிழைப்பு என்பது அதற்கு நேர்த்தியான பதில். கைவிட முடியாத பொருளையே அடையாளமாக வையுங்கள்.

இன்னொன்று, குழப்பம் எதிராளிக்கு மட்டும் சொந்தமானது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நிஜக் கொலைகாரனை முதலில் காட்டிவிட்டு அப்புறம் நாயகனை ஊருக்குள் நடக்கவிடுவது அதனால்தான். அஸூல் சிறையிலிருந்து தப்பிக்கும் காட்சி படத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. கடைசியில் திறக்கலாம் என்று அந்த உண்மையைப் பூட்டி வைத்திருந்தால், நடுவில் வரும் ஒவ்வொரு துரத்தலும் காரணம் புரியாத ஓட்டமாகத்தான் இருந்திருக்கும்.

இதற்கு ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்வது உதவும். இடப்பக்கம் காட்சி எண்கள், மேலே கதாபாத்திரங்களின் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும், அந்தக் காட்சி முடியும்போது அந்த ஆள் நாயகனை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று ஒரே சொல்லில் எழுத வேண்டும். கடைசிக் கட்டம் பார்வையாளருக்கு. தொடர்ந்து நான்கைந்து காட்சிகளில் எந்தக் கட்டமும் மாறவில்லை என்றால் அங்கே கதை நகரவில்லை, ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எடிட்டிங்கில் காட்சியை முன்பின்னாக மாற்றும்போதும் இந்தத் தாள் பக்கத்தில் இருக்கட்டும்.

பெட்டியைக் கையாளுவது

கதையின் மையப் பொருள் ஒன்று என்று எழுதியிருந்தாலும் நான்கு வாங்க வேண்டும். நாயகனுடையது, நிஜக் குற்றவாளியுடையது, சண்டையில் தூக்கி எறிய ஒன்று, உடைந்த நிலையில் ஒன்று. நான்கும் ஒரே மாடல், ஒரே நேரத்தில் வாங்கியதாக இருக்கட்டும். பாதிப் படப்பிடிப்பில் ஒன்று உடைந்து கடைக்குப் போனால் அந்த மாடல் இருக்காது, அல்லது கைப்பிடியின் நிறம் மாறியிருக்கும். உடைக்கும் இதே கணக்கு: சுத்தமானது, அழுக்கானது, ரத்தம் பட்டது, ஸ்டன்ட் செய்கிறவருக்கு ஒன்று. முழங்காலிலும் முழங்கையிலும் பேட் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் கடைசியில் சொன்னதை ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே உடை, ஒரே பெட்டி என்றால் தூரத்து ஷாட்டில் முகம் தெரியாது. எதிராளி குழம்பலாம், பார்வையாளர்கள் குழம்பக்கூடாது. இதற்கு மிகச் சிக்கனமான வழி திசை. நாயகன் எப்போதும் திரையில் இடமிருந்து வலம் போகட்டும். மற்றவன் வலமிருந்து இடம். அவன் நடக்கும் பாதையை ஒரு கோடாக நினைத்துக்கொண்டு, கேமராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கம் வைத்தாலே இது அமைந்துவிடும். அடுத்தது நடை: ஒருவன் பெட்டியை வலது கையில் தூக்குகிறான், மற்றவன் இடது கையில். மூன்றாவது சத்தம்: ஒருவனுக்குக் கெட்டிக் குதிகால் பூட்ஸ், மற்றவனுக்கு ரப்பர் அடி. காலடி எப்படியும் பின்னால் பதியப்போகிறது என்பதால் செலவு இல்லை. இந்த மூன்றையும் சரியாகச் செய்துவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு: முதுகு காட்டும் ஷாட்டுகளில் ஒரே நடிகரே இரண்டு பேருக்கும் நிற்கலாம்.

பெட்டியின் கொக்கி, கைப்பிடி, திறக்கும் மூடி, உள்ளே இருப்பது என்று நெருக்கமான ஷாட்டுகள் 25 முதல் 30 வரை தேவைப்படும். இவற்றைப் பெரிய லொகேஷனில் யூனிட்டே காத்திருக்க எடுப்பது வீண்செலவு. கடைசி நாளில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, இரண்டு பேர் போதும். எந்தக் காட்சிக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் என்று மட்டும் முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். அதைக் குறிக்காமல் விட்டு, வெயிலில் திறக்கும் பெட்டிக்குள் டியூப்லைட் வெளிச்சம் விழுகிற படங்கள் ஏராளம்.

நாள் கணக்கு

'எல் மரியாச்சி' இரண்டு வாரத்தில் எடுக்கப்பட்டது. அதே 14 நாளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திரைக்கதை 75 பக்கம். அதில் சண்டையும் துரத்தலும் 10 பக்கம். ஆக்‌ஷனுக்கு ஒரு நாளைக்கு 2 பக்கத்துக்கு மேல் நகராது, ஆக 5 நாள். மிச்சம் 65 பக்கம், 9 நாள். நாளுக்கு ஏழு பக்கத்துக்குச் சற்று மேல். இரண்டு பேர் ஓர் அறையில் பேசும் காட்சிகளாக இருந்தால் இது சாத்தியம், நான்கு பேர் இடம் மாறி மாறிப் பேசினால் சாத்தியமில்லை. பத்து மணி நேர நாளில் சாப்பாட்டு நேரம் போக 540 நிமிடம் வைத்துக்கொள்வோம். கேமராவை இடம் மாற்றி, லைட் சரிசெய்து, எடுத்து முடிக்க 15 நிமிடம் என்றால் 36 ஷாட். லொகேஷன் மாறினால் மூட்டை கட்டி அவிழ்க்க ஒன்றரை மணி நேரம் போகும். அது 6 ஷாட்டின் விலை. ஆகவே மூன்று இடங்களுக்கு மேல் எழுதாதீர்கள், ஒவ்வோர் இடத்தையும் நான்கு திசையிலும் எடுங்கள். ஒரே கட்டடத்தின் படிக்கட்டு, மொட்டைமாடி, பின்சந்து மூன்றும் மூன்று இடங்களாகத் தெரியும்.

கதை எழுதிவிட்டு இடம் தேடுவதைவிட, கையில் இருப்பதைப் பட்டியலிட்டுவிட்டு எழுதுவது மேல். ரோட்ரிகஸும் நடிகர் கார்லோஸ் கயார்டோவும் அப்படித்தான் செய்தார்கள்: ஒரு பண்ணை, ஒரு மதுக்கடை, ஒரு பேருந்து, ஒரு நாய். இருப்பதெல்லாம் கதைக்குள் வந்தது. டாலி (கேமராவை உருட்டிக்கொண்டு போகும் வண்டி) இல்லாததால் கேமராக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் தள்ளினார். இன்றைக்குக் கேமரா ஆடாமல் தாங்கும் கிம்பல் மலிந்துவிட்டாலும் சக்கர நாற்காலி மோசமில்லை, தரை வழவழப்பாக இருந்தால். கல் பாவிய தரையில் அதிர்வு அப்படியே பதிவாகும். காற்றை முக்கால் பாகமாகக் குறைத்த டயரும் அகல லென்ஸும் கொஞ்சம் காப்பாற்றும்.

அடி விழுகிற மாதிரி

திரையில் குத்து விழுவது கோணத்தால். கேமரா குத்துகிறவரின் தோளுக்குப் பின்னால் அல்லது வாங்குகிறவரின் தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முஷ்டி முகத்தின் குறுக்கே கடந்து போக வேண்டும். இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் இந்தக் கோணத்தில் தெரியாது, 85 மி.மீ. மாதிரி நீண்ட லென்ஸ் போட்டால் இன்னும் தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் இடைவெளி பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடும். குத்தை நம்பவைப்பது குத்துகிறவரைவிட வாங்குகிறவர்தான். தலை முந்தித் திரும்பினாலும் பிந்தித் திரும்பினாலும் ஷாட் போச்சு. எடிட்டில் இரண்டு ஷாட்டை இணைக்கும்போது, முதல் ஷாட்டில் முடிந்த அசைவை அடுத்த ஷாட்டில் இரண்டு மூன்று பிரேம் (ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு பிரேம்) பின்னால் போய்த் தொடங்கினால் அடி அழுத்தமாக விழும். சரியாகத் தொட்ட பிரேமில் ஒட்டினால் கண் அதைத் தவறவிடுகிறது.

வேகத்துக்கு, விநாடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 22 பிரேமில் எடுத்து 24இல் ஓட்டலாம்; ஒன்பது சதவீதம் விரைவு, யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 20க்குக் கீழே போனால் தலைமுடியும் துணியும் காட்டிக்கொடுத்துவிடும், பழைய ஊமைப்பட நகைச்சுவை வந்துவிடும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தை, 180 டிகிரியிலிருந்து 90க்குக் குறைத்தால் ஓட்டமும் தூசியும் கூர்மையாக, நறுக்கென்று தெரியும். ஆனால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போய்விடும். பகலில் கவலையில்லை, சந்துக்குள் மாலை ஐந்து மணிக்குக் கவலைதான். 24 பிரேமில் 90 டிகிரி என்பது 1/96 விநாடி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் மலிவு எல்இடி, டியூப்லைட்டின் கீழ் அது படத்தில் பட்டைபட்டையாக ஓடும். அங்கே 1/100 வைக்க வேண்டும், அதாவது 86.4 டிகிரி. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/120. கேமராவின் சின்னத் திரையில் இந்தப் பட்டை பல நேரம் தெரியாது. எடிட் மேஜையில் தெரியும்போது லொகேஷன் கையை விட்டுப் போயிருக்கும்.

ஓடும் காட்சிகளில் நடிகரை முழு வேகத்தில் ஓடவிட வேண்டியதில்லை. முக்கால் வேகம் போதும். 24 மி.மீ. அகல லென்ஸைத் தாழ்வாக வைத்து, முன்னால் தூண், கம்பி, செடி எதாவது கடந்து போனால் வேகம் தானாக வரும். நீண்ட லென்ஸில் எதிரே ஓடிவந்தால் இடத்திலேயே நின்று ஓடுவது மாதிரி இருக்கும். துரத்துகிறவன் நெருங்கிவிட்டதாகக் காட்ட அதுவும் பயன்படும், ஆனால் இருவரும் ஒரே ஷாட்டில் இருந்தால்தான். உடம்பு சூடாகாமல் முதல் டேக்கில் ஓடி தொடைத் தசை பிடித்துக்கொண்டால் அன்றைய ஷெட்யூல் காலி. 15 நிமிட வார்ம்-அப்பை ஷெட்யூலிலேயே எழுதிவிடுங்கள்.

துப்பாக்கி

நிஜத் துப்பாக்கி வேண்டாம். வெற்றுத் தோட்டாவும் வேண்டாம். 1984இல் நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு இறந்தார். குண்டு இல்லாவிட்டாலும் குழலிலிருந்து வெளியேறும் வாயு கொல்லும். 1993இல் நடிகர் பிராண்டன் லீயைக் கொன்றது, முந்தைய ஷாட்டில் குழலுக்குள் சிக்கிப்போயிருந்த குண்டுமுனை. பின்னால் சுட்ட வெற்றுத் தோட்டா அதைத் தள்ளிவிட்டது. 2021 அக்டோபரில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தது, ஒத்திகையில் நடிகர் கையிலிருந்த துப்பாக்கிக்குள் நிஜத் தோட்டா இருந்ததால். இந்த யூனிட்டுகளெல்லாம் உங்களைவிட வசதியானவை.

'எல் மரியாச்சி'யில் உள்ளூர்க் காவலர்களிடம் இரவல் வாங்கிய நிஜத் துப்பாக்கிகள் வந்தன என்பது உண்மை. வெற்றுத் தோட்டா போட்டதும் ஒவ்வொரு தடவையும் ஒரு வெடிக்குப் பிறகு சிக்கிக்கொண்டன. காரணம் எளிது: தானியங்கித் துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது வெடிப்பின் அழுத்தத்தால். முன்னால் குண்டு அடைத்துக்கொண்டிருக்காததால் அழுத்தம் குழல் வழியே வெளியேறிவிடுகிறது. படத்துக்கென்றே மாற்றியமைத்த துப்பாக்கிகளில் குழலுக்குள் ஓர் அடைப்பு வைத்திருப்பார்கள். அது இல்லாததால் ஒரு வெடியைப் பல கோணங்களில் எடுத்து, வெட்டி ஒட்டி, சத்தத்தை அடுக்கித் தொடர்ச்சியாகச் சுடுவதாக்கினார் ரோட்ரிகஸ். சில ஷாட்டுகளில் நடிகர்கள் கையில் இருந்தது தண்ணீர்த் துப்பாக்கி. அதுதான் நமக்குத் தேவையான பாடம்.

ரப்பரில் அல்லது எடையுள்ள பிளாஸ்டிக்கில் செய்த மாதிரித் துப்பாக்கி போதும். குழல் முனையில் தெறிக்கும் நெருப்பை எடிட்டில் சேர்க்கலாம்: ஒரு பிரேம், அதிகம் போனால் இரண்டு. அதே பிரேமில் முகத்திலும் பக்கத்துச் சுவரிலும் வெளிச்சத்தை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி இருக்கும். ஒரே நெருப்புப் படத்தை ஐந்து முறை போடாமல் ஒவ்வொன்றையும் திருப்பி, அளவு மாற்றுங்கள். வெளிச்சத்துக்கு நிஜ ஃபிளாஷ் அடித்தால் ரோலிங் ஷட்டர் உள்ள, அதாவது பிரேமை வரிவரியாகப் பதியும் கேமராவில் பாதி பிரேம் வெளுப்பு, பாதி இருட்டு என்று வரும்; கையால் அணைத்துப் போடும் எல்இடி அதைவிடப் பரவாயில்லை. பின்னுதைப்பு நடிகரின் தோளிலிருந்து வர வேண்டும், மணிக்கட்டிலிருந்து அல்ல. மாதிரித் துப்பாக்கியானாலும் தெருவில் எடுக்கும் முன் காவல்நிலையத்தில் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும், டேக் முடிந்ததும் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது பிளாஸ்டிக் என்று தெரியாது. ஆள் மாறிப்போன கதையை எடுக்கப்போய் அதையே அனுபவிக்க வேண்டாம்.

ரத்தம்: ஒரு கப் கெட்டியான சர்க்கரைப் பாகுக்கு ஒரு மேஜைக்கரண்டி சிவப்பு உணவு நிறம், நீலம் இரண்டு மூன்று சொட்டு, கோகோ பவுடர் ஒரு தேக்கரண்டி. நீலமும் கோகோவும் இல்லாவிட்டால் விளக்கடியில் ரோஸ் நிறமாகத் தெரியும். சட்டைக்குள் இருந்து ரத்தம் தெறிக்க வெடிமருந்து எதற்கு? சட்டையின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து நூல் மட்டும் மிச்சமாகும்படி மெலிதாக்கி, பின்னால் சின்னப் பையில் ரத்தம் வைத்து, மீன்பிடி நரம்பால் வெளியிலிருந்து வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து சிதறும். இழுக்கும் திசை கேமராவுக்கு நேர் எதிரே இருக்கட்டும். பக்கவாட்டில் இழுத்தால் நரம்பு வெயிலில் மின்னும்.

சத்தம்

ரோட்ரிகஸ் வைத்திருந்த 16 மி.மீ. அரிஃப்ளெக்ஸ் ஓடும்போது இரைச்சல் போடும். அதனால் படம் எடுக்கும்போது ஒலி பதியவில்லை. ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்தி, நடிகரை அதே வசனத்தை அதே வேகத்தில் திரும்பச் சொல்லவைத்து டேப்பில் பதிந்தார். உதடும் குரலும் கொஞ்ச நேரம் பொருந்தும், அப்புறம் நழுவும். நழுவுகிற இடத்தில் எதிரே நிற்பவரின் முகத்துக்கோ நாய்க்கோ வெட்டினார். அந்தப் படத்தின் பரபரப்பான வெட்டு என்று பாராட்டப்படுவதில் ஒரு பங்கு இந்த நழுவலை மறைக்கப் பிறந்தது. இன்றும் கூட்டமான இடத்தில் மைக் உதவாதபோது இந்த முறை வேலை செய்யும், டேக் முடிந்த உடனே, அதே மூச்சிரைப்போடு பதிந்தால். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் வேறு குரல் வரும். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 30 விநாடி வெற்று ஒலியும் பதியுங்கள். வசனத்துக்கு இடையே ஒட்டுப்போட அதுதான் துணி.

முதல் தொகுப்பு முடிந்ததும் கதை தெரியாத ஐந்து பேருக்குப் போட்டுக்காட்டி, 20ஆவது, 40ஆவது, 60ஆவது நிமிடத்தில் நிறுத்தி ஒரே கேள்வி கேளுங்கள்: இப்போது யார் இவனை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மரியாதைக்குப் பொய் சொல்வார்கள். பதிலை உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டால் எந்தக் காட்சியில் அறுந்தது என்று தெரிந்துவிடும். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அங்கே ஒரு வரி குறைகிறது. அதற்காக மறுபடியும் யூனிட்டைக் கூட்ட வேண்டாம். தாதா போனில் அடியாளிடம் பேசும் வரியாக அதை எழுதி, அடியாளின் முகத்தின் மேல் ஓடவிடுங்கள். முகம் தெரியாத குரலுக்கு உதடு பொருத்த வேண்டியதில்லை. போர்வைக்குள் மைக்கை வைத்துக் கால் மணி நேரத்தில் பதிந்துவிடலாம்.